மார்க்கர் கிடைத்த பிறகு நடப்பது: பார்லி ஆய்வுக்கு நிதி வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

பார்லிப் பயிரின் வைரஸ் எதிர்ப்பு ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கும், அந்த ஆய்வுகளைத் திட்டமிடும் அறிவியலாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஆய்வகங்களில் உருவாகும் மரபணுக் குறிப்பான்களை, அதாவது ஒரு மரபணு செடியில் இருக்கிறதா என்று காட்டும் டி.என்.ஏ. அடையாளங்களை, எங்கள் வழக்கில் சொன்னால் மார்க்கர்களை, கையில் வாங்கி அன்றாடம் பயன்படுத்துபவன் நான். எந்த நாற்றை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்கி எறிவது என்று முடிவெடுப்பது என் வேலை. சுற்றி வளைக்காமல் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய மார்க்கர்களைக் கண்டுபிடிக்க நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை, ஏற்கெனவே கைவசம் உள்ள மார்க்கர்களைச் சரிபார்க்கவும், செடியில் நேரடியாக வைரஸைச் செலுத்திப் பார்க்கும் சோதனைகளைத் தொடர்ந்து நடத்தவும் ஒதுக்குங்கள்.

மார்க்கருக்கு எதிரான மடல் என்று இதை யாரும் படித்துவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் எங்கள் பாடு என்னவாகும் என்பது மஞ்சள் தேமல் நோயை எடுத்துக்கொண்டாலே விளங்கும். பார்லி மஞ்சள் தேமல் வைரஸ், பார்லி மென் தேமல் வைரஸ் ஆகிய இரண்டும் சேர்ந்தோ தனித்தோ இந்த நோயை உண்டாக்குகின்றன. இவற்றை வேருக்குள் கொண்டு சேர்ப்பது பாலிமிக்சா கிராமினிஸ் என்னும் மண்வாழ் ஒட்டுண்ணி. அதன் உறங்கு வித்துகள் பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். தெளிப்பதற்கு மருந்து கிடையாது. பயிரை மாற்றிப் போட்டாலும் பெரிய பயன் இல்லை. 1940இல் ஜப்பானில் பதிவான இந்த நோய் 1978இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது. பிறகு குளிர்காலப் பார்லி விதைக்கும் ஐரோப்பிய வயல்களில் பரவலாகிவிட்டது. பாதிப்பு முற்றினால் விளைச்சலில் பாதி வரை போய்விடும். உழவருக்கு இருக்கும் ஒரே வழி, நோயைத் தாங்கி நிற்கும் விதை.

அந்த விதையை உருவாக்குவதில்தான் சிக்கல். இந்த நோய்க்கு எதிர்ப்பைத் தரும் மரபணுக்களில் பெரும்பாலானவை ஒடுங்கு தன்மை கொண்டவை. தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் இரண்டு பிரதிகள் வந்து சேர்ந்தால்தான் செடி தப்பும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் மற்றச் செடிகளைப் போலவே மஞ்சள் கீற்றுகளுடன் நிற்கும். எதிர்ப்புள்ள நாட்டு ரகம் ஒன்றை நல்ல விளைச்சல் ரகத்துடன் கலந்து, அந்தக் கலப்பை மீண்டும் மீண்டும் விளைச்சல் ரகத்துடனேயே பிற்கலப்பு செய்யும்போது, ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் நாற்றுகளில் பாதி அந்த மரபணுவைச் சுமந்திருக்கும். ஆனால் நோய்ச் சோதனையில் நூற்றுக்கு நூறு நாற்றுகளும் நோய்வாய்ப்படும். எந்தப் பாதி நமக்கு வேண்டிய பாதி என்று கண்ணால் சொல்லவே முடியாது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தன்மகரந்தச் சேர்க்கை செய்து, அடுத்த தலைமுறையைச் சோதித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணித்தாக வேண்டும்.

அந்தச் சோதனையும் எளிதானதல்ல. நோய் கண்ட நிலத்தில் இலையுதிர்காலத்தில் விதைத்து, குளிர்காலம் முழுவதும் காத்திருந்து, இளவேனிலின் தொடக்கத்தில் போய் இலைகளைப் பார்க்க வேண்டும். சற்றுத் தாமதித்து வெயில் ஏறிவிட்டால் அறிகுறிகள் மங்கிப் போகும். ஒட்டுண்ணியும் நிலம் முழுவதும் சீராகப் பரவியிருக்காது, திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். வைரஸ் எட்டாமல் தப்பிய செடியும், எட்டியும் எதிர்த்து நின்ற செடியும் பார்வைக்கு ஒன்றுதான். இந்த நிலையில், இரண்டு இலை விட்ட நாற்றிலிருந்து விரல்நுனி அளவு இலையைக் கிள்ளி, டி.என்.ஏ.வைப் பிரித்து, சில நாட்களில் விடை சொல்லிவிடும் மார்க்கர் எங்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை நான் தனியாகப் புகழ வேண்டியதில்லை.

இனி குறைக்கு வருகிறேன். ரிம்4 என்ற மரபணுவின் வரலாற்றை உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். குரோஷியாவின் கடற்கரைப் பகுதியான டால்மேஷியாவின் ரகூசா என்ற நாட்டு ரகத்திலிருந்து வந்த அந்த எதிர்ப்பு, ஐரோப்பியக் குளிர்காலப் பார்லியில் மிகப் பரவலாகப் புகுந்தது. 1980களின் பிற்பகுதியிலேயே அதை மீறும் மஞ்சள் தேமல் வைரஸ் வகை தலைகாட்டிவிட்டது. அடுத்து மொகுசெக்கோ 3 என்ற சீன நாட்டு ரகத்திலிருந்து ரிம்5 கொண்டுவரப்பட்டது. அதையும் மீறும் மென் தேமல் வைரஸ் வகைகள் ஜெர்மனியிலும் பிரான்சிலும் காணப்பட்டன. 2005இல் இரண்டு எதிர்ப்புகளுக்கும் மூலமான மரபணு பிரித்தெடுக்கப்பட்டபோது காரணம் தெளிவானது. ரிம்4, ரிம்5 இரண்டும் ஒரே மரபணுவின் இரு வடிவங்கள். மூன்றாம் குரோமோசோமில் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவை. செடி தன் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்கும்போது பயன்படுத்தும் இஐஎஃப்4இ என்ற புரதத்துக்கான மரபணு அது. வைரஸ் தன் பெருக்கத்துக்கு அதே புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. புரதத்தில் ஓரிரு அமினோ அமிலங்கள் மாறியிருந்தால் வைரஸின் பிடி நழுவும். பதிலுக்கு வைரஸும் தன் பக்கத்துப் புரதத்தில் சிறிய மாற்றம் செய்துகொண்டால் பிடி மீண்டும் இறுகிவிடும்.

எனவே ரிம்4ஐயும் ரிம்5ஐயும் நிலையான ஒரே ரகத்தில் சேர்த்து வைக்க வழியே இல்லை. ஓர் இருக்கையில் ஒருவர்தான் உட்கார முடியும். காப்பை வலுப்படுத்த வேண்டுமானால் வேறு இடத்தில் இருக்கும் மரபணுவைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். நான்காம் குரோமோசோமில் ரிம்11 இருக்கிறது; அதன் மரபணு 2014இல் அடையாளம் காணப்பட்டது. ரிம்13 இருக்கிறது. காட்டு உறவான ஹார்டியம் பல்போசத்திலிருந்து வந்த ரிம்14 இருக்கிறது. இது ஓங்கு தன்மை கொண்டது என்பதால் ஒரு பிரதியே போதும்.

மார்க்கர் இல்லாமல் செய்யவே முடியாத வேலை, பல எதிர்ப்பு மரபணுக்களை ஒரே ரகத்தில் சேர்க்கும் இந்த அடுக்கும் வேலைதான். ஓர் எதிர்ப்பு மரபணு உள்ள செடியும் இரண்டு உள்ள செடியும் இன்றைய வைரஸுக்கு முன்னால் ஒன்றுபோலத்தான் நிற்கும். வேறுபாடு நாளைய வைரஸ் வரும்போதுதான் தெரியும். அதற்கு முன்பே எது எதென்று சொல்ல டி.என்.ஏ. ஒன்றால்தான் முடியும். இரண்டு ஒடுங்கு மரபணுக்களைச் சேர்க்க முனைந்தால் இரண்டாம் தலைமுறையில் 16 செடிகளுக்கு ஒன்றுதான் இரண்டிலும் இரு பிரதிகளையும் பெற்று நிலைபெற்றிருக்கும்; மூன்று என்றால் 64இல் ஒன்று. ஒற்றைக் குரோமோசோம் தொகுதியுள்ள நாற்றுகளை உருவாக்கி அதை இரட்டிக்கும் முறையில் போனால் இந்த விகிதம் நான்கில் ஒன்றாகவும் எட்டில் ஒன்றாகவும் மேம்படுகிறது. (அந்த இரட்டிப்பு முறையின் தொடக்க கால வடிவத்துக்கு உதவியதும் இதே பல்போசம்தான். பயிர்ப் பார்லியுடன் அதைக் கலந்தால், வளரும் கருவில் பல்போசத்தின் குரோமோசோம்கள் தாமாகவே உதிர்ந்து விடும். பார்லியின் ஒற்றைத் தொகுதி எஞ்சும். ஒரு பக்கம் தன்னை முற்றிலும் அழித்துக்கொண்டு உதவும் செடி, மறுபக்கம் தன் மரபணுக்களைக் கொடுத்தும் உதவுகிறது. பார்லிக்காரர்கள் அதற்கு நிறையவே கடன்பட்டிருக்கிறோம்.)

அப்படியிருந்தும் என் மேசைக்கு வரும் திட்டங்களில் பெரும்பாலானவை ஒரு மரபணு, ஒரு மார்க்கர், ஒரு கட்டுரை என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அடுக்குவது நீண்ட வேலை. மூன்றாண்டுத் திட்டத்துக்குள் முடியாது. முடிந்தாலும் புதிய கண்டுபிடிப்பு என்று பெயர் வராது. உங்கள் மதிப்பீட்டு விதிகளே இதற்குக் காரணம் என்று வெளிப்படையாகச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

மார்க்கரின் நம்பகத்தன்மை பற்றியும் சொல்ல வேண்டும். பலர் மார்க்கரையே மரபணுவாக எண்ணிப் பேசுகிறார்கள். பெரும்பாலான மார்க்கர்கள் மரபணுவுக்கு அருகில் இருக்கும் ஓர் அடையாளம் மட்டுமே. மரபணுவிலிருந்து ஒரு சென்டிமார்கன் (குரோமோசோமில் மரபணுத் தொலைவை அளக்கும் அலகு) தொலைவில் இருந்தால், ஒவ்வொரு தலைமுறைக் கலப்பிலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு முறை, குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றத்தால் இரண்டும் பிரிந்துவிடும். ஆறு பிற்கலப்புகளுக்குப் பிறகு ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு. தொலைவு ஐந்து சென்டிமார்கனாக இருந்தால் ஆறு பிற்கலப்புகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வழிதவறிவிடும். மரபணுவின் இரு புறமும் ஒவ்வொரு மார்க்கர் இருந்தால் பிழை வெகுவாகக் குறையும். மரபணுவுக்குள்ளேயே, எதிர்ப்பைத் தரும் அதே டி.என்.ஏ. எழுத்து மாற்றத்தைப் படிக்கும் மார்க்கர் இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. இஐஎஃப்4இ மரபணு கையில் கிடைத்த பிறகு ரிம்4, ரிம்5 விஷயத்தில் அந்த வசதி வந்துவிட்டது. மற்றப் பல மரபணுக்களுக்கு இன்னும் அண்டை வீட்டு அடையாளத்தை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

வேலை நடக்கும் விதத்தைச் சற்று அருகில் வந்து பாருங்கள். குழிக்கு ஒரு செடியின் டி.என்.ஏ. என்று 96 குழிகள் கொண்ட தட்டு ஒன்று கருவியிலிருந்து வெளியே வருகிறது. திரையில் புள்ளிகள் மூன்று கொத்துகளாகப் பிரிந்து நிற்கும்: ஒரு மூலையில் எதிர்ப்பு வடிவம் மட்டும் உள்ளவை, எதிர்மூலையில் அது இல்லாதவை, நடுவில் இரண்டும் கலந்தவை. நல்ல தட்டில் கொத்துகளுக்கு இடையே வெட்டவெளி இருக்கும். சில நாள் எந்தக் கொத்திலும் சேராத நாலைந்து புள்ளிகள் நடுவெளியில் மிதக்கும். டி.என்.ஏ. குறைவாக இருந்ததா, பக்கத்துக் குழியிலிருந்து தெறித்ததா, சோதனையைத் தொடங்கிவைக்கும் பிரைமர் என்ற சிறு டி.என்.ஏ. துண்டு ஒட்டும் இடத்திலேயே அந்தச் செடிக்கு வேறு எழுத்து இருக்கிறதா என்று உடனே தெரியாது. அப்போது துணைக்கு வருபவை, எதிர்ப்பு உண்டு, இல்லை என்று ஐயமறத் தெரிந்த கட்டுப்பாட்டு ரகங்கள். வெளியிடப்படும் மார்க்கர்களில் எத்தனை இந்தக் கட்டுப்பாட்டு ரகங்களின் பட்டியலோடு, விதை எங்கே கிடைக்கும் என்ற தகவலோடு வருகின்றன? என் அனுபவத்தில் மிகச் சில.

ஒரு முறை ஓர் ஆய்வுக் குழுவிடமிருந்து வந்த மார்க்கர், நாங்கள் கலக்கவிருந்த இரண்டு பெற்றோரிலும் ஒரே விடையைத் தந்தது. ஒன்று எதிர்ப்புள்ளது, மற்றொன்று முதல் தாக்குதலிலேயே மஞ்சளாகிப் போவது. அப்படியானால் அந்த மார்க்கர் எங்கள் கலப்பில் எதையும் பிரித்துச் சொல்லாது. அவர்கள் அதை ஒரே ஒரு கலப்பின் சந்ததிகளில் மட்டும் சோதித்திருந்தார்கள். அந்தச் சந்ததிகளில் அது பொய் சொல்லவில்லை; அந்தக் குடும்பத்துக்கு வெளியே அதற்கு மொழியே தெரியவில்லை. விளக்கம் கேட்டு எழுதியதற்கு, திட்டக்காலம் முடிந்துவிட்டது, அந்த வேலையைச் செய்தவர் இப்போது இல்லை என்று பதில் வந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. திட்டக்காலத்துக்குள் செய்ய வேண்டியதை அவர்கள் செய்துவிட்டார்கள். பிறர் கையில் அந்த மார்க்கர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது யாருடைய பொறுப்பாகவும் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இரண்டாவது பெரிய எதிரியான பார்லி மஞ்சள் குட்டை வைரஸுக்கு வந்தால் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரியும். 1951இல் கலிபோர்னியாவில் விவரிக்கப்பட்ட இந்த வைரஸ் அசுவினிகள் மூலம் பரவுகிறது. ஒரு முறை வைரஸைப் பெற்றுக்கொண்ட அசுவினி நெடுநாள் அதைச் சுமந்து திரியும். அசுவினியை மருந்தால் அடக்கிக்கொண்டிருந்த காலம் ஐரோப்பாவில் மாறிவிட்டது. விதை நேர்த்திக்குப் பயன்பட்ட மூன்று நியோநிக்கோட்டினாய்டு மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது. பைரித்திராய்டு மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்ற தானிய அசுவினிகள் அதற்கு முன்பே தென்பட்டுவிட்டன. ஆக, இங்கும் பாரம் எதிர்ப்பு மரபணுக்களின் மேல் வந்து விழுந்திருக்கிறது.

இங்கே நமக்குக் கைகொடுப்பவை முக்கியமாக மூன்று. எத்தியோப்பியப் பார்லிகளிலிருந்து 1950களில் கண்டறியப்பட்ட ரிட்2. 2004இல் விவரிக்கப்பட்ட, அதுவும் எத்தியோப்பிய வழி வந்த, ஆறாம் குரோமோசோமின் ரிட்3. பல்போசத்திலிருந்து வந்த ரிட்4. ரிட்2 உள்ள செடி நோயைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் அதற்குள் வைரஸ் பெருகத்தான் செய்கிறது. மேலும், மஞ்சள் குட்டை வைரஸின் எல்லா வகைகளிடமும் அதன் பருப்பு வேகாது. ரிட்2, ரிட்3 இரண்டையும் ஒரே செடியில் சேர்த்தபோது வைரஸின் அளவே குறைந்தது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுக்குவதால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். ரிட்4 வைரஸைப் பெருகவே விடாத வலுவான மரபணு. ஆனால் அதை ஒட்டியபடியே செடியை நலியவைக்கும் ஒரு கூறும் பல்போசத்திலிருந்து கூட வந்துவிட்டது. இரண்டையும் பிரிக்கப் பெரும் எண்ணிக்கையில் நாற்றுகளை மார்க்கரால் சலித்துப் பார்க்க வேண்டியிருந்தது. 2024இல் வெளியான ஆய்வு ரிட்4 இருக்கும் பகுதியை 66,500 எழுத்து அளவுக்குக் குறுக்கியதோடு, அந்த நலிவுக் கூறிலிருந்தும் பிரித்துக் காட்டியது. நான் கேட்பது இந்த மாதிரி வேலையைத்தான்: ஏற்கெனவே தெரிந்த மரபணுவை எடுத்து, அதைப் பயிர்ப்பெருக்கத்துக்கு உதவும் நிலைக்குக் கொண்டுவந்த வேலை.

தாங்குவதற்கும் எதிர்ப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு மார்க்கர் ஆய்வில் அடிக்கடி கவனிக்கப்படாமல் போகிறது. இலை மஞ்சளாவதையும் செடி குட்டையாவதையும் மட்டும் மதிப்பிட்டு ஒரு மரபணுப் பகுதியைக் கண்டுபிடித்தால், அதன் மார்க்கர் நோயைத் தாங்கும் செடியைத் தேடித் தரும். அந்தச் செடி பசுமையாக நிற்கும்; அதிலிருந்து சாறு உறிஞ்சிய அசுவினி பக்கத்து வயலுக்கு வைரஸைக் கொண்டுபோகும். வைரஸின் அளவை எலைசா சோதனையால் (எதிர்ப்பொருளைக் கொண்டு வைரஸை இனங்காணும் சோதனை) அளந்து கண்டுபிடித்த பகுதி வேறாக இருக்கலாம். எனவே ஒரு மார்க்கரை எங்களிடம் தரும்போது, எந்த வைரஸ் வகையை வைத்து, செடியில் எதை அளந்து அதைக் கண்டுபிடித்தீர்கள் என்று சேர்த்தே சொல்லுங்கள்.

அந்த அளவீட்டை யார் செய்வது என்பதுதான் இப்போது என் பெரிய கவலை. நோயுற்ற செடிகளில் அசுவினிகளை வளர்த்து, அவை மொய்க்கும் இலைத் துண்டுகளை நறுக்கி, ஒவ்வோர் இளநாற்றின் அடியிலும் வைக்க வேண்டும். சில நாள் உறிஞ்சவிட்டு மருந்தடித்து அவற்றைக் கொல்ல வேண்டும். சில வாரம் கழித்து இலைச் சாற்றை எலைசா தட்டில் இட்டால், வைரஸ் உள்ள குழிகள் மெல்ல மஞ்சளாக நிறம் மாறும். அசுவினிக் கூட்டத்தில் தவறான இனம் புகுந்துவிடாமலும், வைரஸ் வகை கலந்துவிடாமலும், பருவம் பார்க்காமல் நாள்தோறும் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். கைப்பழக்கத்தால் வரும் திறமை இது; கட்டுரையைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. இந்த வேலைக்கென்று நிரந்தரப் பணியிடம் கேட்டால் பழைய பாணி என்கிறார்கள். டி.என்.ஏ. எழுத்துகளைப் படித்து வரிசைப்படுத்தும் கருவிக்குப் பணம் கேட்டால் உடனே கிடைக்கிறது.

இனி தனித்தனி மார்க்கரே தேவையில்லை, முழு மரபணுத் தொகுதியையும் படித்துக் கணித்துவிடலாம் என்று உங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பார்லியின் மரபணுத் தொகுதி ஐந்து பில்லியன் எழுத்துகளுக்கு மேற்பட்டது. 2020இல் 20 வகைகளுக்கும் 2024இல் 76 வகைகளுக்கும் அதை முழுமையாகப் படித்து ஒப்பிட்டிருக்கிறார்கள். மகத்தான சாதனை, மறுப்பில்லை. ஆனால் எந்த எழுத்து எதிர்ப்பைத் தருகிறது என்று கணிக்கும் சூத்திரத்துக்கு, வைரஸ் தாக்கிய செடிகளின் அளவீடு வேண்டும். அந்த அளவீடு பத்தாண்டு பழையதாகவோ ஒரே ஒரு வைரஸ் வகையைச் சார்ந்ததாகவோ இருந்தால், சூத்திரம் நேற்றைய வைரஸுக்கான விடையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆகவே நான் கேட்பவை இவை. மார்க்கர் உருவாக்கும் எந்தத் திட்டத்துக்கும், அது பிறந்த கலப்புக்குத் தொடர்பில்லாத பரந்த ரகத் தொகுப்பில் சோதிக்கும் ஆண்டு ஒன்றைச் சேர்த்தே நிதி கொடுங்கள். பிரைமர் வரிசை, கட்டுப்பாட்டு ரகங்கள், மார்க்கர் தவறிய ரகங்கள் ஆகிய மூன்றும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டால் ஒழிய இறுதித் தவணையை விடுவிக்காதீர்கள். தவறியவற்றின் பட்டியல்தான் எங்களுக்கு மிகவும் தேவைப்படுவது. அதை எழுதினால் தரம் குறைந்ததாக மதிப்பீட்டாளர்கள் கருதுகிறார்கள் என்பதால் யாரும் எழுதுவதில்லை. ரிம்4, ரிம்5ஐ மீறும் வைரஸ் வகைகள் எந்தெந்த மண்ணில் இருக்கின்றன என்று ஆண்டுதோறும் பார்க்கும் சோதனை நிலங்களையும், அசுவினிக் கூடங்களையும் மூன்றாண்டுத் திட்டக் கணக்கிலிருந்து எடுத்து நிரந்தரச் செலவாக்குங்கள். அடுக்கப்பட்ட மரபணுக்களுடன் ஒரு பயிர்ப்பெருக்க வரிசையை, அதாவது நிலைத்த சந்ததி ஒன்றை, உருவாக்கிப் பொதுவில் கொடுப்பதை, ஒரு கட்டுரைக்கு இணையான பயனாக மதிப்பெண் பட்டியலில் சேருங்கள்.

இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதல்ல. அடுத்த நிதி அழைப்பின் விதிமுறைகளை நீங்கள் எழுதும்போதே இவற்றில் பாதியைச் சில வரிகளில் சேர்த்துவிடலாம். மீதிப் பாதிக்கு எங்கள் தரப்பிலிருந்து என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்: பெற்றோர் ரகங்களின் விதை, பழைய தட்டுகளின் முடிவுகள், மார்க்கர் சொன்னதும் வயல் சொன்னதும் ஒத்துப்போகாத பயிர்ப்பெருக்க வரிசைகளின் பதிவேடு. எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. இதுவரை யாரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பார்லி நாற்றுத் தேர்வுப் பணியில் இருக்கும் ஒருவன்